கொள்ளுப் பாட்டியின் பெயர் என்ன?

உங்கள் கொள்ளுப் பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

அப்பா பெயர் தெரியும். தாத்தா பெயரும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம்.

மல்லசமுத்திரத்தில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். குலதெய்வத்தின் பெயரை உடனே சொல்வார்கள். கொள்ளுப் பாட்டியின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

ஆனால், இந்தச் சீமையை விட்டுக் கப்பல் ஏறியவர்களின் கதை வேறு!

பஞ்சம் விரட்டியது

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் பெயர் துரூரோ. சென்னையில் இருந்து போன கப்பல் அது. ஆண், பெண், குழந்தை என்று 342 பேர் அதில் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து ஆண்டு வேலை என்பது ஒப்பந்தம்.

1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இப்படிப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். சேலம் ஜில்லாக்காரர்களும் அவர்களில் உண்டு. அன்று மல்லசமுத்திரமும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-ல்.

ஏன் போனார்கள்? வயிற்றுக்காகத்தான்! 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1871-ல் சேலம் ஜில்லாவின் மக்கள் தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் அது சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்கள் பலர். ஊரை விட்டுப் போனவர்களும் பலர்.

குமாஸ்தா எழுதிய கணக்கு

கப்பலில் ஏறியவர்களைப் பற்றிக் குமாஸ்தா ஒரு பதிவேட்டில் எழுதினார். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதினார். ஆளுக்கு ஒரு நம்பரும் கொடுத்தார்.

அன்பினால் எழுதியது அல்ல அது. கூலி ஆட்களின் கணக்கு! ஆங்கிலத்தில் எழுதியதால் பல பெயர்கள் உருமாறியும் போயின. ஆனாலும் அந்தப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் இன்றும் இருக்கின்றன.

அங்கே உள்ளவர்கள் அதைப் புரட்டித் தங்கள் முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள். சிலர் நம் ஊர்களுக்கே வருகிறார்கள். "எங்கள் பாட்டனார் இந்த ஊர்தான். சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள்.

பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? போனவர் பெயர் காகிதத்தில் இருக்கிறது. ஊரிலேயே இருந்தவர் பெயர் எங்கே இருக்கிறது?

தில்லையாடி வள்ளியம்மையைப் பாருங்கள். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-ந் தேதி, 16 வயதில் உயிர் நீத்தார். கடல் கடந்து பிறந்த பெண்ணுக்கும் முன்னோர் ஊரின் பெயர் ஒட்டி நின்றது!

பட்டாவில் இல்லாதவர்கள்

"எங்களிடம் பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது" என்று சிலர் சொல்லலாம். நிலம் உள்ளவர் பெயர் பட்டாவில் வரும். அந்த நிலத்தில் களை எடுத்தவள் பெயர் வருமா? வராது.

அமெரிக்காவில் காட்டைத் திருத்திக் குடியேறிய பழைய குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் வீட்டு பைபிளின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வைப்பார்கள். பேரப் பிள்ளைகளுக்கு அதுவே சரித்திரம் ஆயிற்று.

"நாங்கள் என்ன ராஜ பரம்பரையா?" என்று கேட்காதீர்கள். ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நமக்குத்தான் நோட்டு வேண்டும்!

சாதிப் பெருமை பேச எழுத வேண்டாம். பட்ட கடனை எழுதுங்கள். வாங்கிய கூலியை எழுதுங்கள். எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று எழுதுங்கள். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறி, வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்பதையும் எழுதுங்கள். அவனும் ஊரை விட்டுப் போனவன்தான்.

எழுதத் தெரிந்த பிள்ளை இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. சொல்லத் தெரிந்த கிழவிதான் குறைந்துகொண்டே வருகிறாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அம்மாயியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயரையும், அவருடைய தாயின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் கேட்டு முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதுங்கள்!