வேலையை விட்டவருக்கு உதவிப் பணமா?

தானாக வேலையை விட்டவருக்கு அரசாங்கம் எதற்காக உதவிப் பணம் கொடுக்கவேண்டும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஏன் விட்டார் என்றும் கேட்கவேண்டாமா?

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் தாமஸ் என்று ஒரு தொழிலாளி. இரும்பு வார்ப்பட ஆலையில் வேலை. அவருடைய பகுதியை மூடிவிட்டார்கள். போர் டாங்கிகளுக்குப் பாகம் செய்யும் பகுதிக்கு மாற்றினார்கள். மற்றப் பகுதிகளிலும் ஆயுத வேலைதான். போர்க் கருவி செய்வது தம் மதத்துக்கு ஆகாது என்று அவர் விலகினார்.

அது சொந்தக் காரணம். உதவிப் பணம் கிடையாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1981-ல் தாமசுக்கே வெற்றி. 9 நீதிபதிகளில் ஒருவர்தான் எதிர்ப்பு.

சோம்பேறிக்குக் கொடுக்கவேண்டாம். சரி. மனச்சாட்சிக்காகச் சம்பளத்தையே உதறியவர் சோம்பேறியா? சோறு வேண்டுமானால் கொள்கையை விடு என்று சொல்வது சட்டம் அல்ல, மிரட்டல்!