விளையாட்டு வேளையைப் பறிக்காதீர்கள்

பாடம் முடியாவிட்டால் பி.டி. பீரியட் போகிறது. தேர்வு நெருங்கினால் போகிறது. இரண்டு பிள்ளைகள் சத்தம் போட்டால் வகுப்பு முழுவதற்கும் போகிறது. தமிழகத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கணக்காக நடக்கும் இந்த அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் பிள்ளைகளுக்கு வாரம் முழுவதற்கும் ஒன்றிரண்டு பாடவேளைதான். அதிலும் கை வைத்தால் எலும்பும் தசையும் எப்படி உறுதிபெறும்? ஆறு வயதுக் குழந்தையைக் காலை முதல் மாலை வரை பெஞ்சில் கட்டிப்போட்டுவிட்டு, கவனம் சிதறுகிறது என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

எல்லாப் பழியையும் ஆசிரியர் தலையில் கட்ட மாட்டோம். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் சுமக்கும் பள்ளியில் மைதானத்துக்கு யார் அழைத்துப் போவது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானமும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விப் பயிற்றுநரையோ ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் கேட்கிறது. அதுவும் நூறு பேருக்கு மேல் படித்தால், பகுதிநேரமாக. தமிழக அரசு 2012-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தபோதும் அவர்கள் நடுநிலை வகுப்புகளுக்கே போனார்கள். ஓடியாடியே வளர வேண்டிய வயதுக்கு ஆள் இல்லை. காலை உணவும் மதிய உணவும் கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டிய அரசு, சாப்பிட்ட பிள்ளை ஓடியாட வழி செய்யாதது பெருங்குறை.

தனியார் நர்சரி, பிரைமரி பள்ளிகளின் கதை இன்னும் மோசம். பல இடங்களில் மைதானம் என்று காட்டப்படுவது வேன்கள் நிற்கும் சிமெண்ட் தரை. கேரளத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி மைதானம் தொடர்பான வழக்கில், மைதானம் இல்லாத பள்ளிகளை மூடுவது வரை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2024-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கண்டிப்பு இங்கே எப்போது வரும்?

பள்ளிக் கல்வித் துறை உடனே செய்ய வேண்டியவை உண்டு. விளையாட்டு வேளையை வேறு பாடத்துக்கு எடுப்பதையும், தண்டனையாக மறுப்பதையும் தடைசெய்து எழுத்துப்பூர்வமான ஆணை வர வேண்டும். அருகருகே உள்ள சில தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்தாவது ஓர் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். மைதானம் இல்லாத தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கக் கூடாது. கிளித்தட்டுக்கும் கோ-கோவுக்கும் கோடி ரூபாய் தேவையில்லை. இடமும் நேரமும் கூடவே நிற்க ஒரு பெரியவரும் போதும்.

பெற்றோரே, விளையாடியே பிள்ளை கெட்டுப்போகிறான் என்ற பேச்சை விடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை உங்களுக்குத்தான். அடுத்த கூட்டத்தில், இந்த மாதம் எத்தனை விளையாட்டு வேளைகள் உண்மையில் நடந்தன என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.