அட்டைக்கு வந்த நகை

வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர். தொப்பையின் மேல் தங்கச் சங்கிலி. பக்கத்தில் ஓர் அழகி. அவள் பார்வை கிழவர் முகத்தில் இல்லை. அவர் நீட்டும் வைர மோதிரத்தில்! படத்தின் அடியில் ஒரு வரி வேடிக்கைப் பேச்சு.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மேல்நாடுகளில் இப்படிப்பட்ட தபால் அட்டைகள் கட்டுக் கட்டாக விற்றன. இங்கிலாந்தில் டொனால்டு மெக்கில் என்ற ஓவியர் வேடிக்கை அட்டை வரைந்தே பெயர் எடுத்தார். அவருடைய அட்டைகள் ஆபாசம் என்று 1954-ல் லிங்கன் நகரில் வழக்கு நடந்தது. அபராதம் 50 பவுன். செலவுத் தொகை 25 பவுன். அப்போது ஓவியருக்கு வயது 79!

நம் நாட்டுக்குத் தபால் அட்டை வந்தது 1879-ல். விலை காலணா. படம் போட்ட அட்டைகள் பிறகு வந்தன. பம்பாய் ஓவியர் துரந்தர், தளுக்குக்காரி வேலைக்காரியைக் கூட அட்டையில் ஏற்றினார். கொழும்பில் பிளேட் கம்பெனி, நகை பூட்டிய தமிழ்ப் பெண்களைப் படம் பிடித்து அட்டையாக்கி விற்றது. தொங்கும் காதும் அதில் ஆடும் தங்கமும் வெள்ளைக்காரர்களுக்கு வேடிக்கை.

காதே பெட்டகம்

கோவில்பட்டி வட்டாரத்தில் அந்தக் காதுக்கு வேறு கணக்கு உண்டு.

சின்ன வயதிலேயே காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, காதை வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் பாம்படம் ஏறும். மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பார்வைக்குப் பெரிது. தங்கம் அவ்வளவு இராது.

காலம் மாறியது. வளர்ந்த காது பட்டிக்காட்டு அடையாளம் ஆகிவிட்டது. பெண்கள் காதை அறுத்துத் தைத்துக் கொண்டார்கள். பாம்படங்கள் தட்டானிடம் போய்க் கம்மலாகத் திரும்பின.

ஏன் இந்தத் தங்கம்? கரிசல் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்ய வேண்டும். பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. பொய்த்தால் ஒன்றும் இல்லை. அப்போது வீட்டில் விலை போகும் பொருள் ஒன்றுதான். அது பெண் மேனியில் இருக்கிறது.

ஊருக்கு வந்த ஓவியர்

மயிலாப்பூரில் 1898-ல் பிறந்தவர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராக வந்தார். 1942-ல் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ஓவியர் அங்கேயே தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி நாடெங்கும் போயின. 1976-ல் மறைந்தார்.

அவர் வரைந்த மீனாட்சி கல்யாணத்தில் காதலும் உண்டு, நகையும் உண்டு. கேலி கிடையாது. லட்சுமி படமும் அப்படித்தான். கழுத்து நிறைய ஆரம், தலையில் கிரீடம். மண் சுவரில் அந்தக் காலண்டரை மாட்டிய பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்திருக்கலாம். அவளைப் பார்த்து மெக்கில் அட்டைக்காரர்கள் என்ன வரைவார்களோ!

"பெண்களுக்கு நகைப் பைத்தியம்" என்று நம்மூரிலும் சிரிக்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள். அதே ஆண்தான் விதை வாங்க, மகன் படிப்புக்குக் கட்ட, "அந்தச் செயினைக் கொஞ்சம் கழற்று" என்று வந்து நிற்கிறார். கேட்டு வாங்குகிறவர் நல்லவர். கேட்காமலே எடுத்துப் போகிறவரும் உண்டு.

பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுக்கே சொந்தம். கணவர் கையில் கொடுத்து வைத்தாலும் சொந்தம் மாறாது. 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது. இந்தச் சேதியை ஒரு தபால் அட்டையில் அச்சடித்துக் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்தால் என்ன?

புரட்டாசியில் அடகுக் கடைக்குப் போன கம்மல், விளைச்சல் கண்டால் மாசி, பங்குனியில் வீடு திரும்பும். அதுவரை துளை தூர்ந்துவிடாதபடி காதில் ஒரு வேப்பங்குச்சி.