கூடாரத்துக்குள் ஒரு தணற்சட்டி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட விடுமுறை நாட்களில், "அப்பா, நண்பர்களோடு மலைக்குப் போய் ஓர் இரவு தங்கி வரட்டுமா?" என்னும் விண்ணப்பம் நம் இல்லங்களில் எழுவது வழக்கம். ஒப்புவதா, மறுப்பதா என்று பெற்றோர் திகைக்கின்றனர். அவர்களுக்கு நமது அனுபவம் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அது நமக்குப் பெருமை தரும் அனுபவமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரித் திங்களில், கல்லூரிக் கால நண்பர்கள் நால்வர் பழனி மலைத்தொடருக்குச் சென்றோம். காப்புக் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி இரவு தங்கக்கூடாது. ஆகவே, பூம்பாறைக்கு அப்பால், மரச்செறிவை ஒட்டி நண்பர் ஒருவருக்கு இருந்த பட்டா நிலத்தில் கூடாரம் அடிப்பதென்று முடிவு செய்தோம். அந்நிலத்தைக் காத்துவந்த பெரியவர் எங்களை வரவேற்றார்.

ஓடையருகே பச்சைப்பசேலென்று விரிந்திருந்த புல்தரை எங்கள் கண்ணைக் கவர்ந்தது. "அங்கே வேண்டாங்கய்யா. பள்ளத்திலேதான் பனி இறங்கும். மேலே மரத்தோரமாப் போடுங்க" என்றார் பெரியவர். அரைமனத்துடன் மேலே ஏறினோம். மறுநாள் விடியலில் அப்புல்தரை முழுவதும் உப்பைத் தூவினாற்போல் உறைபனி படிந்து வெளுத்திருந்தது. மரத்தடிப் புல்லிலோ ஈரம் மட்டுமே இருந்தது. மேகமற்ற இரவில் திறந்த நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. அதனால் குளிர்ந்த காற்று, கனம் மிகுந்ததாகையால், சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. மரக்கிளைகள் போர்வைபோல் நின்று நிலத்தின் வெப்பத்தை ஓரளவு காக்கின்றன. பெரியவர் இதனை எந்த நூலிலும் படித்தவரல்லர்.

மாலையில் வெட்டவெளியில் குழி தோண்டி, காய்ந்த விறகை அடுக்கித் தீ மூட்டினோம். தணலில் உருளைக்கிழங்கு சுட்டு, மலைப்பூண்டுத் துவையலுடன் உண்டோம். கீழ்வானில் திருவாதிரை செம்மையாய் ஒளிர்ந்தது. பிள்ளைகளின் படிப்பையும், பெற்றோரின் பிரிவையும், பேசாமல் விட்டுப்போன பழைய மனத்தாங்கல்களையும் அன்றுதான் மனம் விட்டுப் பேசினோம். அத்தகைய இரவுகள் வாழ்வில் வேண்டும் என்றே இன்றும் கருதுகிறோம்.

பத்து மணிக்குமேல் குளிர் எலும்பைத் துளைத்தது. "தீயை அணைச்சிட்டுப் படுங்கய்யா" என்று சொல்லிப் பெரியவர் தம் குடிசைக்குச் சென்றார். எங்களுக்கோ அத்தணலை வீணாக்க மனமில்லை. இரும்புச் சட்டியொன்றில் அதை வாரி, கூடாரத்தினுள் வைத்து, வாயிலை இறுக மூடிக்கொண்டோம். புகையில்லை, நெடியில்லை, இதமான வெப்பம் மட்டும் பரவியது. எங்களுள் ஒருவர் 25 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர். சட்டியை உள்ளே எடுத்து வைத்தவரே அவர்தாம்!

எவ்வளவு நேரம் சென்றதோ அறியோம். "ஐயா! ஐயா!" என்ற குரலுடன் கூடாரம் குலுங்கியது. குழியில் தணலைக் காணாமல் ஐயுற்று வந்த பெரியவர், வாயிலைத் திறந்து சட்டியை வெளியே எடுத்தெறிந்தார். எங்களிருவருக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது. மூன்றாமவர் எழுந்து நின்று, கால் தள்ளாடி விழுந்தார். நம் வேதியியல் ஆசிரியரோ அழைத்தும் அசைத்தும் கண் திறக்கவில்லை. அவரைத் தூக்கிவந்து திறந்தவெளியில் கிடத்தினோம். அவர் மனைவியிடம் என்ன சொல்லப் போகிறோம் என்ற எண்ணம் ஒன்றே அப்போது எங்கள் உள்ளத்தில் இருந்தது. நெடுநேரத்துக்குப்பின் அவர் முனகினார். ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே உயிர்வளி அளித்த மருத்துவர், "இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் நால்வரும் எழுந்திருக்க மாட்டீர்கள்" என்றார்.

கரியும் விறகுத் தணலும் போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியின் செந்நிறப்பொருள் உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அதனைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின்பு மயக்கம். உறங்குபவருக்கோ தலைவலியும் தெரிவதில்லை. சுடர் அடங்கிப் புகை நின்ற தணல் தீங்கற்றது என்று எண்ணியதே எங்கள் பிழை.

இது மலைக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. அடைமழைக் காலத்தில் பிரசவித்த தாயும் சேயும் படுத்திருக்கும் அறையில், கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு நெருப்புச் சட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் ஜெனரேட்டரை வீட்டினுள் இயக்குவோரும் உளர். இவற்றிலிருந்தும் எழுவது அதே நச்சுவாயுவே.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். வைக்கோலோ தடித்த விரிப்போ தரையில் பரப்பிப் படுக்கச் சொல்லுங்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தினும் கீழே வெறுந்தரை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். வியர்வையில் நனைந்த உடையை மாற்றிவிட்டு உறங்கச் சொல்லுங்கள். கூடாரத்தின் காற்றுவழியை அடைக்காதிருக்கச் சொல்லுங்கள். அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அனுமதி அளிப்பதற்குமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "படுக்கும்போது தணலை என்ன செய்வாய்?" "நீர் ஊற்றி அணைத்து, மண்ணால் மூடுவேன்" என்று மகன் விடை கூறினால், மகிழ்ச்சியுடன் அனுப்பி வையுங்கள்.