பிரதியற்ற அரசு

2023 ஆகஸ்ட் 26 ஆம் நாள் இலங்கை அரச முகிற் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. சேவை விரைவில் மீண்டது. ஆயின் மே 17 தொடக்கம் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. காரணம் யாது? இணைப்பிலிருந்த காப்புப்பிரதிகளும் உடன் பூட்டுண்டன. இணைப்புக்கு வெளியே அக்காலத்துக்குரிய பிரதி எதுவும் இருக்கவில்லை.

நிதியில்லை என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். பயன்பாட்டிலிருந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிவுற்றது. புதிய பதிப்புக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆனாற் பிரதி எடுப்பதற்குப் புதிய பதிப்பு எதற்கு? பவர்செல் என்னும் கட்டளைவரிக் கருவி அம்மென்பொருளோடு இணைந்தே வருவது. அதில் எழுதப்படும் சிறியதோர் ஆணைத்தொடர் நாள்தோறும் நள்ளிரவில் அஞ்சற்பெட்டிகளைப் பெயர்த்து வேறொரு வட்டில் இடும். பணி தவறின் பொறுப்பாளருக்கு அறிவிக்கும். இதற்கு வேண்டுவன சில வட்டுகளும் ஒருவரது சில நாள் உழைப்புமே. இல்லாதிருந்தது பணமன்று, கருத்து.

ஆணைத்தொடர் ஒன்றே போதும் என்பாரும் பிழைபடுவர். மூலம் இருக்கும் வலையிலேயே பிரதியும் இருப்பின், இரண்டும் ஒரே இரவில் அழியும். இவ்வுண்மையைச் சீனன்குடா உரைக்கும். ஆங்கிலேயர் அங்கே எண்ணெய் முழுவதையும் ஒரே கலத்தில் ஊற்றி வைக்கவில்லை. காட்டினூடே இடைவெளிவிட்டு, தனித்தனிக் குதங்களை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு குதம் தீக்கிரையாயிற்று. இன்றும் 99 குதங்கள் அங்கே நிற்கின்றன. எண்ணெய்க்குக் காட்டப்பட்ட இவ்விவேகம் குடிமக்களின் கடிதங்களுக்குக் காட்டப்படவில்லை. சீனன்குடாவிலிருந்து தன் காணிக்காக ஒருவர் அனுப்பும் மனு அரசுக்கு ஓர் அஞ்சல், அவருக்கோ வாழ்வு. அது தொலைந்தால் மனுச் செய்தமைக்குச் சான்று காட்டும் சுமையும் அவர் தலையிலேயே விழும்.

இது கணனி வல்லுநரின் காரியம், கலைப்பீடத்தார்க்கு இதில் என்ன என்று ஒதுங்குவோரும் உளர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. குற்றம் தீயிட்டோருடையதே. எனினும் ஒற்றைப் பிரதி எப்பொழுதும் பகைவனின் தயவில் வாழ்வது என்பதை அத்தீ கற்பித்தது. ஓலை செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதி வைத்த மரபில் வந்தோர்க்குப் பிரதி செய்தல் புதுத்தொழிலன்று. ஏட்டின் இடத்தில் வட்டும் எழுத்தாணியின் இடத்தில் கட்டளைவரியும் வந்துள்ளன, அவ்வளவே.

ஆகவே ஒவ்வோர் அரச அலுவலகமும் மூன்றுக்குக் கடப்பாடுடையது: நாள்தோறும் பிரதி எடுத்தல், அதனை வலைக்கு வெளியே வேற்றிடத்தில் வைத்தல், மாதந்தோறும் அதை மீட்டுப் படித்துச் சோதித்தல். மீட்டுப் பாராத பிரதி பிரதியன்று, வெறும் நம்பிக்கை. நம்பிக்கையைக் கொண்டு அரசு நடத்துவோர், மக்கள் தம் மனுவைக் கேட்கும் நாளில் எதனை எடுத்து நீட்டுவர்?