கற்பனை உலகம் கட்டணுமா? மேப் அப்புறம், முதலில் விதி!

ஒரு நாட்டில் மூன்று வருடமாக மழை இல்லை. வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. தானியக் கிடங்குகளை வணிகர்கள் பூட்டிவிட்டார்கள். மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்கிறார்கள். கேம் மாஸ்டர் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய உலகம் இது. பஞ்சத்தை அவர் உருக்கமாக விவரித்து முடித்ததும், ட்ரூயிட் பாத்திரத்தை ஆடும் நண்பர் நிதானமாகக் கேட்கிறார்: "மச்சி, நான் ஒரு குட்பெர்ரி போட்டா போதாதா?"

அவ்வளவுதான், பஞ்சம் காலி. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் குட்பெர்ரி என்பது முதல் நிலை மந்திரம். ஒரு தடவை போட்டால் 10 பழங்கள் கிடைக்கும். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சமம். 2014 பதிப்பின்படி, ஆட்டத்தை இன்றுதான் தொடங்கும் ட்ரூயிட்கூட ஒரு நாளில் இரண்டு தடவை இதைப் போடலாம். ஒரே ஆள் 20 பேருக்குச் சோறு போடுகிற உலகத்தில், கிடங்கைப் பூட்டும் வணிகருக்கு என்ன வேலை?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்காகச் சொந்த உலகம் கட்ட ஆசைப்படும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மேப், ராஜவம்சம், ஆயிரம் வருட வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விதிகளை மட்டும் கடையில் வாங்கிய புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எழுதிய உலகம் ஒரு பக்கம் இழுக்கிறது, விதி இன்னொரு பக்கம் இழுக்கிறது. கடைசியில் ஜெயிப்பது விதிதான்.

இது என்ன விளையாட்டு?

'ஸ்டிரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதேதான். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதிலுள்ள மற்ற மனிதர்களையும் அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை விதியும் பகடையும் முடிவு செய்யும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய்வீடு அதுதான்.

விதியே உலகத்தைச் சொல்லும்

அந்த முதல் பதிப்பில் ஒரு விதி உண்டு. கொள்ளையடித்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றாலும் புள்ளி கிடைக்கும். ஆனால் 1975-ல் வந்த 'கிரேஹாக்' துணைநூல் அதைக் கணிசமாகக் குறைத்துவிட்டது. ஆடுபவர்கள் கணக்குப் போட்டார்கள். தூங்கும் டிராகனை எழுப்பாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் புத்திசாலித்தனம். ஆட்டத்தின் நாயகன் வீரனாக இல்லை, சாமர்த்தியமான திருடனாக இருந்தான்.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு, தங்கத்துக்குப் புள்ளி தருவதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குத் தள்ளிவைத்தது. 2014 பதிப்பில் ஒரு கோப்ளினை வென்றால் 50 புள்ளி. அதே குகை, அதே கோப்ளின். ஆனால் இப்போது வாளை உருவுவதில்தான் லாபம். மேப்பில் ஒரு கோடு மாறவில்லை, உலகம் மாறிவிட்டது.

'கால் ஆஃப் கதுலு' (1981) இன்னொரு உதாரணம். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனநிலைப் புள்ளிகள் உண்டு. பிரபஞ்சத்தின் பயங்கர ரகசியங்களை எவ்வளவு கற்கிறார்களோ, அந்தப் புள்ளிகளின் உச்ச வரம்பு அவ்வளவு குறையும். அறிவே ஆபத்து என்று யாரும் தனியாக வசனம் பேச வேண்டியதில்லை. பழைய புத்தகம் ஒன்றைத் திறப்பதா வேண்டாமா என்று ஆடுபவரே கை நடுங்க யோசிப்பார்.

சாமிக்கும் எண் போட்டால்?

விதி தெரியாமலே உலகத்தைப் பற்றித் தப்பான சேதி சொல்லிவிடுவதும் உண்டு. 1980-ல் வந்த 'டெய்ட்டிஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்தியப் புராணங்களுக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. இந்திரனுக்கும் காளிக்கும் கவச எண், உயிர்ப்புள்ளி எல்லாம் கொடுத்திருந்தார்கள். கிரேக்க, நார்ஸ் தெய்வங்களுக்கும் இதே கதைதான்.

உயிர்ப்புள்ளி என்றாலே அது பூஜ்யம் ஆகலாம் என்றுதான் அர்த்தம். பக்கத்தில் எவ்வளவு பக்தியாக அறிமுகம் எழுதியிருந்தாலும், போதுமான பலம் இருந்தால் இவரையும் அடித்து வீழ்த்தலாம் என்பதே அந்த எண் சொல்லும் சேதி. வரம், சாபம், நேர்த்திக்கடன் என்று மனிதரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒரு தெய்வத்தைக் காட்ட வேண்டுமானால், அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் விதி எழுதியிருக்க வேண்டும். சண்டைக்கு எழுதினால் சண்டைதான் கிடைக்கும்.

மூன்று கேள்விகள் போதும்

சரி, புதிய யோசனைகளைப் பிடிப்பது எப்படி? ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டாலே பாதி உலகம் தானாக வந்துவிடும். இதனால் யாருக்கு லாபம்? இதை யார் ஏமாற்றப் பார்ப்பார்கள்? அதைத் தடுக்க ஊர் என்ன ஏற்பாடு செய்யும்?

பிணத்தோடு பேசும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 2014 பதிப்பில் அது மூன்றாம் நிலை மந்திரம். இறந்தவரிடம் ஐந்து கேள்வி கேட்கலாம். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஒருமுறை கேட்டால் அடுத்த 10 நாள் அதே பிணத்திடம் மறுபடி கேட்க முடியாது.

யாருக்கு லாபம்? சொத்துத் தகராறில் சிக்கிய வாரிசுகளுக்கு, கொலை வழக்கை விசாரிக்கும் காவலர்களுக்கு. அப்பா கடைசியாகச் சொன்னது என்ன என்று அண்ணன் தம்பி அடித்துக்கொள்ள வேண்டாம், அப்பாவையே கேட்டுவிடலாம். யார் ஏமாற்றுவார்கள்? கூலிக்குக் கொல்பவன் வேலையை முடித்ததும் தாடையை உடைத்துவிட்டுப் போவான். கொஞ்சம் படித்த வில்லனாக இருந்தால் முதல் ஆளாக வந்து ஐந்து அற்பக் கேள்விகளைக் கேட்டு, 10 நாளை வீணடித்துவிடுவான். ஊர் என்ன செய்யும்? பிணத்துக்குக் காவல் போடும். யார் முதலில் கேட்பது என்பதற்குச் சட்டம் வரும். அந்த ஐந்து கேள்விகளை எழுதித் தருவதற்கென்றே வக்கீல்கள் கிளம்புவார்கள். ஏழைக்கு அந்த வக்கீல் கட்டுப்படியாகாது.

பிணக் காவல், கேள்வி வக்கீல், தாடை உடைக்கும் கொலைகாரன் என்று பத்தே நிமிடத்தில் ஒரு ஊர் தயார். இதில் எதுவும் மேப்பிலிருந்து வரவில்லை.

பகடையையும் இதே மாதிரி விசாரிக்கலாம். 20 பக்கப் பகடையில் எந்த எண் விழுவதற்கும் 5 சதவீத வாய்ப்பு. அது எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கும் உலகம். தேர்ந்த வில்லாளியும் திடீரென்று சொதப்புவார். இரண்டு ஆறு பக்கப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 7 விழ 36-ல் 6 வாய்ப்பு, 12 விழ 36-ல் 1 வாய்ப்பு மட்டுமே. 2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' இந்த வழியைப் பிடித்தது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, 7 முதல் 9 வரை வந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். எதுவும் சும்மா கிடைக்காத உலகம் அது.

எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் மாயம் எங்கே?

நியாயமான கேள்விதான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் பொருளாதார ஆய்வு நடத்தினால் ஆட்டம் ஆடிட் ஆகிவிடும். அதனால் எல்லா விதியையும் நோண்ட வேண்டியதில்லை. ஆடுபவர்கள் தினமும் கை வைக்கும் நாலைந்து இடங்கள் போதும்: சாப்பாடு, காயம், சாவு, பணம், பயணம். பஞ்சக் கதை வேண்டுமானால் குட்பெர்ரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இல்லையென்றால் அதையே கதையாக்கலாம்: வறண்ட மண்ணில் பழம் கசந்துபோகும், அல்லது ட்ரூயிட்களை வணிகர்கள் தேடித் தேடிச் சிறைபிடிக்கிறார்கள். எதுவானாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இந்த 'முன்பே' முக்கியம். நடு ஆட்டத்தில் "அதெல்லாம் இந்த ஊர்ல வேலை செய்யாதுப்பா" என்று கேம் மாஸ்டர் கையை விரித்தால், ஆடுபவரின் யோசனைக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும். வேலை, டிராஃபிக், வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் தாண்டி நாலு பேர் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கி வருகிறார்கள். தாங்கள் செய்வது எதையும் மாற்றாது என்று தோன்றிவிட்டால் மூன்றாவது வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் பதில் போடமாட்டார்கள். பல ஆட்டங்கள் சத்தமில்லாமல் சாவது இப்படித்தான்.

மேப் வரைவதும் வரலாறு எழுதுவதும் தனி சந்தோஷம், அதில் தப்பில்லை. ஆனால் அது தனியாக ஆடும் ஆட்டம். கைகாக்ஸே 1970-களின் தொடக்கத்தில் கிரேஹாக் கோட்டையின் அடியிலிருந்த சுரங்க அறைகளில்தான் தொடங்கினார். ஆட ஆடத்தான் நகரமும் அதைச் சுற்றிய நாடுகளும் முளைத்தன. அந்த உலகம் மேப்போடு தனி வெளியீடாக வந்தது 1980-ல்தான். 2013-ல் வந்த 'தி கொயட் இயர்' இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து மேப்பை வரைவதையே ஆட்டமாக்கியது.

முதல் ஆட்டத்துக்கு ஓர் ஊர், ஒரு பிரச்சினை, அந்த ஊரை வேறு மாதிரி ஆக்கும் ஒரு விதி போதும். அந்த விதியை ஒரே வரியில் எழுதி மேசை நடுவில் வைத்துவிடலாம். அதை முதலில் வளைக்கப் பார்ப்பவர் யார் என்று கவனித்தால், இரண்டாவது வாரத்துக்கான கதை அங்கேயே கிடைத்துவிடும்.