டிரைவர் பஞ்சமா, உத்தியோகப் பஞ்சமா?

போன மாதம் சங்ககிரியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ஏழு லாரி வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர்.

"ஏனுங்கண்ணா, மூணு வண்டி ஷெட்லயே நிக்குதுங்க. டிரைவர் கெடைக்க மாட்டேங்கறான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒடம்பு வணங்கறதில்லீங்க. போனை நோண்டறதுக்குத்தான் நேரம் சரியா இருக்குது" என்றார்.

எதிர் இலைக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கல்யாண வீட்டில் எதற்கு வம்பு? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் முழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 33 வருஷம் லாரி ஸ்டீரிங் பிடித்தவன். என் கட்சி இதுதான்: நம் ஊரில் டிரைவருக்குப் பஞ்சம் இல்லை. லாரி ஓட்டுவது ஒரு காலத்தில் உத்தியோகமாக இருந்தது. அதை நடைக்கு இவ்வளவு என்று கூலியாக்கிவிட்டு, கூலிக்கு ஆள் வரவில்லையே என்று அழுகிறோம். அதை உத்தியோகமாக வைத்திருந்தது முதலாளியின் நல்ல மனசு இல்லை. சங்கம்.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சுளித்தவன்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாலு வருஷம் கிளீனராக இருந்தேன். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது, இதுதான் வேலை. பிறகு ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். 1979-ல் சேலத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே மேனேஜர் எங்கள் ஊர்க்காரர். அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது.

முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "ஏப்பா, சங்கத்துக்காரன் சந்தா நோட்டைத் தூக்கிட்டு வருவான். ஒரு பைசா குடுக்காதே. உன்னை எடுத்தது நான், அவன் இல்லே."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. சங்கச் செயலாளர் ஒரு சீனியர் டிரைவர். மெட்ராஸ் லைனில் ஓடுபவர், தலை நரைத்தவர். மாதச் சந்தா இரண்டு ரூபாய் கேட்டார். கையில் இல்லை என்று பொய் சொன்னேன். "சரி தம்பி, இருக்கறப்ப குடு" என்று போய்விட்டார்.

கம்பெனியில் மாதம் பிறந்தால் சம்பளம். வருஷத்துக்கு இரண்டு செட் காக்கி. ஆஜர் பட்டியலில் பெயர். பி.எஃப். பிடித்தம். ஓரு ஓய்வு அறை, அதில் நாலு கயிற்றுக் கட்டில். இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. தனி முதலாளி வண்டியில் நாலு வருஷம் கிடந்தவனுக்கு இது சொர்க்கம். இதையெல்லாம் கம்பெனி தானாகக் கொடுக்கிறது என்றே நினைத்தேன். 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்ததும், காக்கியும் ஓய்வு அறையும் லீவும் அதில் எழுதியிருப்பதும், எழுதியதை வாங்குவதற்கு ஒரு ஆள் போய் நிற்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

1980 தீபாவளி சமயம். ஜவுளிக் கட்டுகள் குடோனில் கூரை வரை நின்றன. முதல் நாள் ராத்திரி பெங்களூர். மறுநாள் ராத்திரி திரும்பி சேலம். அன்று பகலில் தூங்கலாம் என்றால், "குமாரபாளையம் போயி ஒரு லோடு ஏத்திட்டு வந்துரு" என்றார் மேனேஜர். அன்று ராத்திரி மறுபடியும் பெங்களூர். நாலாவது ராத்திரி திரும்பி வருகிறேன். நம்ம ஊர்க்காரர் கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது?

தொப்பூர் இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிகாலை நாலு மணி இருக்கும். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் அங்கே இல்லை. ஓரத்துத் தடுப்புச் சுவரில் வண்டி மோதிய சத்தத்தில்தான் விழித்தேன். லேலண்ட் காமெட் வண்டி, முன்பக்கம் இடதுபுறம் நசுங்கிப் போயிற்று. சுவர் தாங்கியதால் உயிர் பிழைத்தோம். இடதுபுறம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்குக் கை முறிந்துவிட்டது. பதினெட்டு வயது அவனுக்கு.

ஊர்க்கார மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மெமோதான் வந்தது. கவனக்குறைவு, வண்டிச் சேதத்தைச் சம்பளத்தில் ஏன் பிடிக்கக் கூடாது, வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று இரண்டு கேள்வி. மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தா கேட்ட பெரியவர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சந்தா கட்டலையேண்ணே" என்றேன்.

"அதை அப்புறம் பாக்கலாம். நாலு நாளா எங்கெங்கே ஓட்டினே, அதைச் சொல்லு மொதல்ல."

விசாரணை அன்று அவர் சத்தம் போடவில்லை, மேஜையைத் தட்டவில்லை. கம்பெனியின் டிரிப் ஷீட் ஐந்தை வரிசையாக மேஜையில் வைத்தார். வண்டி கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், எல்லாம் புக்கிங் கிளார்க் கையெழுத்தில் இருந்தது. பிறகு சொன்னார்: "இவன் தூங்குனது தப்புதாங்க. நான் இல்லேங்கலை. இந்தத் தாளைப் பாத்துட்டு, தூங்காம இருக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க."

அந்தச் சட்டம் சொன்னது நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. தூர லைனுக்கு அனுமதி வாங்கினால் பத்து மணி நேரமும் 54-ம் வரை போகலாம் என்று இருந்தது. அதற்கு மேல் இல்லை. நான் ஓட்டியதைக் கூட்டிப் பார்த்தபோது மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு ஒரு வாரச் சம்பளம் போயிற்று. வேலை போகவில்லை, சேதத்துக்குப் பிடித்தமும் இல்லை. அடுத்த வருஷம் தொழிலாளர் அதிகாரி முன்னால் போட்ட ஒப்பந்தத்தில், தொடர்ந்து இரண்டு ராத்திரி ஓட்டியவனுக்கு மூன்றாவது ராத்திரி கட்டாய ஓய்வு, வண்டிக்கு மாற்று டிரைவர் என்று எழுதி வாங்கினார்கள். நான் கேட்டால் கிடைத்திருக்குமா? நான் கேட்கவே மாட்டேன். ஊர்க்காரர் ஆயிற்றே!

சந்தாவை அந்த மாதமே கட்டினேன். ரிட்டயர் ஆகும்வரை ஒரு மாதம்கூட விடவில்லை.

இப்போது மறுபக்கத்தையும் சொல்கிறேன். சங்கம் என்றால் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடித்துவிட்டு வண்டி எடுத்த ஒருவரை, நம்ம ஆள் என்று இரண்டு தடவை காப்பாற்றினோம். அது தப்பு. ஒரு மே மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது குடோனில் சேலத்து மாம்பழக் கூடைகள் அழுகி வழிந்தன. அதை அனுப்பிய விவசாயி எங்களுக்கு என்ன கெடுதல் செய்தான்? அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. சங்கம் என்னைக் காப்பாற்றியது, அந்தக் கிளீனர் பையனைக் காப்பாற்றவில்லை. அவன் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. பட்டாவில் பங்கு கொடுத்து வைத்திருந்த பையன். அவனுக்கு மெமோகூட வரவில்லை. டிரைவர்கள் நாங்கள் கைக்காசு போட்டுக் கட்டுக்கட்ட வைத்தோம். கை சரியாகக் கூடவில்லை. ஊருக்குப் போய்விட்டான். அவனையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

"சங்கம் வந்ததால்தான் கம்பெனிகள் மூடின" என்பார்கள். எங்கள் கம்பெனி மூடவில்லை. தொண்ணூறுகளில் சொந்த வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு வெளி வண்டிகளை வாடகைக்கு வைத்துக்கொண்டது. புக்கிங் ஆபீஸ் அதே இடம், போர்டும் அதே போர்டு. வண்டி வேறு யாருடையதோ, டிரைவர் யாருடைய ஆளும் இல்லை. "நீயே ஒரு வண்டி வாங்கு, நீயே முதலாளி" என்று எங்களில் சிலரை ஆசை காட்டினார்கள். பைனான்ஸ் வாங்கி இறங்கியவர்களில் பாதிப் பேர் தவணை கட்ட முடியாமல் வண்டியை விட்டுவிட்டு வந்தார்கள்.

டிரைவருக்குச் சங்கம் வேண்டாம் என்று சொல்லும் முதலாளிமாருக்குச் சங்கம் இல்லையா? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி உரிமையாளர் சங்கங்கள் எவ்வளவு பலமானவை என்று எல்லாருக்கும் தெரியும். டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சேர்ந்து நின்று வண்டிகளை நிறுத்தியவர்கள் அவர்கள். நான் தப்பு சொல்லவில்லை. சேர்ந்தால் பலம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே பலம் டிரைவருக்கு மட்டும் எப்படி விஷமாகும்?

2024 ஜனவரியில் நடந்தது ஞாபகம் இருக்கும். விபத்து நடந்து தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை ஜெயில் என்ற புதுச் சட்டப் பிரிவை எதிர்த்து வடக்கே டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. தில்லியில் அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. யாரை? அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸை. அது போக்குவரத்து முதலாளிகளின் அமைப்பு. ஜெயிலுக்குப் போகப்போகிறவன் ரோட்டில், அவனுக்காகப் பேசியவர் வண்டிக்காரர். டிரைவருக்கென்று ஒரு நாற்காலி அந்த அறையில் இருக்கவில்லை.

அதற்கு முன்பே 2018-ல், நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். கிளீனர் என்கிற ஆளும் அநேகமாக மறைந்துவிட்டார். ஒற்றை ஆள், ஒற்றை வண்டி, பேச்சுத் துணைக்கு போன். நான் படித்துக் கற்ற 1961 சட்டத்தையும் 2020-ல் நிறைவேற்றிய பெரிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் புதிதாகச் செய்யும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாம். சந்தோஷம். ஆனால் நாலு ராத்திரி ஓட்டியவனுக்கு ஏ.சி.யில் தூக்கம் இன்னும் நன்றாக வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறான். கோயம்புத்தூரில் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறான். வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவனையா உடம்பு வணங்காதவன் என்பது? பொங்கலுக்கு வந்தபோது கேட்டான்: "தாத்தா, லாரிக்குப் போலாங்களா?"

என்னால் போ என்று சொல்ல முடியவில்லை. நான் 2012-ல் ரிட்டயர் ஆனபோது வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு கிராஜுவிட்டி கொடுத்தார்கள். இந்த வீட்டின் மாடி அந்தப் பணம். பென்ஷன் சொற்பம்தான், என் மருந்துச் செலவுக்கு ஆகிறது. அதையும் வாங்கக் கையெழுத்துப் போட ஒரு ரிஜிஸ்டரில் என் பெயர் இருந்தது. அவனுக்கு எந்த ரிஜிஸ்டர்? இன்றைக்கு லாரி ஓட்டும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எனக்கு அந்தக் கிளீனர் பையனாகத்தான் தெரிகிறார்கள். அன்றைக்கு நாங்கள் விட்ட தப்பு ஒருவனோடு போகவில்லை.

அந்த ஏழு லாரிக்காரரை அடுத்த கல்யாணத்தில் பார்ப்பேன். இந்தத் தடவை பேசாமல் இருக்கப் போவதில்லை. ஒரே கேள்விதான்: "தம்பி, உங்க ஏழு வண்டி டிரைவர்ல எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டறீங்க?" அதற்கு அவர் பதில் சொன்ன பிறகு, பசங்களுடைய சோம்பலைப் பற்றி சாவகாசமாகப் பேசலாம்.